பெங்களூர் மீடியேஷன் சென்டர், சித்தையா ரோடு: 6 வருஷ பார்ட்டிஷன் கேஸ் நாலு சிட்டிங்ல முடிஞ்சுது

என் கேஸ்ல முதல் பிரதிவாதி எங்க அண்ணன், ரெண்டாவது பிரதிவாதி எங்க அம்மா, வாதி நான். இப்படி ஒரே பேப்பர்ல குடும்பத்து பேரெல்லாம் வரிசையா டைப் அடிச்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும் அது வயித்துல என்ன பண்ணும்னு, அவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன், பெங்களூர்ல சொத்து கேஸு வாடகை கேஸு டைவர்ஸ் கேஸுன்னு வாய்தா வாய்தாவா அலையற நம்ம ஆளுங்க யாராவது படிச்சா போதும்.

அப்பா பின்னி மில்லுல வேலை பாத்தவர். ஸ்ரீராம்புரத்துல 20க்கு 30 சைட் ஒண்ணு வாங்கி கீழ வீடு, மேல ரெண்டு போர்ஷன் கட்டினார். 2014ல உயில் எதுவும் எழுதாம போயிட்டார். அவரே சம்பாதிச்சு வாங்கின சொத்து, உயிலும் இல்ல, அப்ப இந்து வாரிசு சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சம பங்கு, கட்டிக்குடுத்த பொண்ணுங்கறதால அதுல ஒரு பைசா குறையாது. ஆனா வீட்டுல பெரியப்பா முன்னாடி உக்காந்து பேசினப்ப அவர் அண்ணன்கிட்ட சொன்னது "ரெண்டு லட்சம் குடுத்து கையெழுத்து வாங்கிக்கோப்பா, அவளுக்கு எதுக்கு வீடு". நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன், கையில காபி டம்ளரோட. அதெல்லாம் மனசுலயே கெடந்து 2018ல கேஸ் போட்டேன்.

அப்புறம் நடந்தது கேஸ் நடத்தின எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். சம்மன் போறதுக்கு கொஞ்ச நாள், அவங்க பதில் போடறதுக்கு கொஞ்ச நாள், கொரோனா வந்து எல்லாம் நின்னுச்சு, அப்புறம் ஜட்ஜு மாறினாங்க, எங்க லாயர் வரல, அவங்க லாயர் வரல. நான் பீன்யால ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரை நாள் லீவு. கோர்ட்டை மட்டும் குறை சொல்லவும் மனசு வரல, நாடு முழுக்க எல்லா கோர்ட்டையும் சேத்தா 5 கோடி கேஸுக்கு மேல நிக்குது, ஒரு ஜட்ஜு காலையில கூப்பிடற லிஸ்ட்டை நீங்களே ஒரு நாள் உக்காந்து கேட்டு பாருங்க, நம்ம நம்பர் வந்து போறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. கிராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணையில, ஒரு தடவ அண்ணனோட லாயர் என்கிட்ட "உங்க கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டாங்க"ன்னு கேட்டார். அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டான். அந்த பவுன் சேக்கறதுக்கு அவன் ஓவர்டைம் பாத்தது எனக்கு தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனா அந்த எடத்துல ரெண்டு பேரும் அதை வெச்சு சண்டை போடற மாதிரி ஆயிடுச்சு.

மீடியேஷன்னு ஒண்ணு, நடுவுல ஒருத்தரை வெச்சு ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்கற வழி, இருக்குன்னு என் பழைய லாயர் ஒரு தடவ கூட சொன்னதில்ல. 2024ல வேற லாயர் வெச்சப்ப அந்த மேடம் ஃபைலை புரட்டிட்டு கேட்ட முதல் கேள்வியே "இதை ஏன் மீடியேஷனுக்கு கேக்கவே இல்ல?" சிவில் ப்ரொசீஜர் கோடுல செக்‌ஷன் 89னு ஒண்ணு இருக்கு, 2002 ஜூலையில இருந்து அமல்ல இருக்கு, சமரசத்துக்கு வாய்ப்பு இருக்கற கேஸை கோர்ட்டே வெளிய அனுப்பி பேச வைக்கலாம். நம்மளே கேக்கலாம். லாயர் ஒரு மெமோ போட்டாங்க, அந்தப் பக்க லாயர் ஆட்சேபணை சொல்லல, ஜட்ஜு மீடியேஷன் சென்டருக்கு தேதி போட்டு அனுப்பிட்டாங்க, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. மீடியேட்டருக்கு நம்ம ஒத்த ரூபா குடுக்க வேண்டாம், கோர்ட் அனுப்பற கேஸுக்கு அதை சென்டரே பாத்துக்குது. இதை நான் ரெண்டு மூணு பேர்கிட்ட சொன்னேன், ஒருத்தரும் நம்பல, அதனால அழுத்தி சொல்றேன்.

எடம் எச். சித்தையா ரோட்டுல நியாய தேகுலா பில்டிங். சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஆட்டோ புடிச்சா வந்துரலாம். கர்நாடக ஹைகோர்ட் 2007ல ஆரம்பிச்சது. இந்த மாதிரி கோர்ட்டோட சேந்த சென்டர் நாட்டுலயே முதல்ல வந்தது நம்ம சென்னை ஹைகோர்ட்ல, 2005ல, அதுக்கு பின்னாடி ஸ்ரீராம் பஞ்சுங்கற சீனியர் வக்கீல் இருந்தார், அயோத்தி கேஸுக்கு 2019ல சுப்ரீம் கோர்ட் போட்ட மூணு பேர் மீடியேஷன் குழுவுல கூட அவர் ஒருத்தர். அந்தப் பேச்சு சமரசத்துல முடியல, தீர்ப்புதான் வந்துச்சு. அப்படி முடியாமப் போறதும் உண்டு, அதை கீழ சொல்றேன்.

முதல் சிட்டிங்குக்கு அண்ணன் வரல. எனக்கு அன்னைக்கு ரொம்ப வெறுத்துப் போச்சு, இங்கயும் வாய்தாதானான்னு ஆட்டோல வரும்போது லாயர்கிட்ட கத்திட்டேன். ரெண்டாவது தேதிக்கு அவனும் அம்மாவும் வந்தாங்க. அம்மா கடை கண்ணிக்கு கன்னடம் பேசுவாங்க, ஆனா அழுகை வந்தா தமிழ்தான் வரும், இதை லாயர் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க, அதனால தமிழ் தெரிஞ்ச ஒரு லேடி அட்வகேட் மீடியேட்டரா வந்தாங்க. நீங்களும் இதை கேளுங்க, கூச்சப்படாதீங்க, மத்த எல்லாத்தையும் விட எங்களுக்கு இதுதான் பெரிய வித்தியாசமா இருந்துச்சு.

ஒரு ரூம், ஒரு மேஜை, எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. கூண்டு இல்ல, மேடை இல்ல, "மை லார்ட்" இல்ல. அவங்க ஆரம்பிச்சது இப்படி: "நான் ஜட்ஜ் இல்லங்க. யார் மேல தப்புன்னு நான் சொல்லப்போறதும் இல்ல, எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்ணப்போறதும் இல்ல. அது உங்க கையில. இங்க பேசறது எதுவும் கோர்ட்டுக்கு போகாது. முடிஞ்சுதா முடியலையா, இதை மட்டும்தான் நான் எழுதி அனுப்புவேன்." பெரியப்பா பஞ்சாயத்துக்கும் இதுக்கும் உள்ள தூரம் எனக்கு அப்பவே புரிஞ்சிருச்சு. அங்க பெரியவர் ஒரு முடிவை மனசுல வெச்சுட்டுத்தான் உக்காந்தார், நம்ம தலையாட்டணும்.

அதுக்கப்புறம் தனித்தனியா கூப்பிட்டு பேசறாங்க. தனியா பேசறப்ப நம்ம சொல்றதை நம்ம சம்மதம் இல்லாம எதிர்ப்பக்கம் சொல்ல மாட்டாங்க. என் முறை வந்தப்ப நான் ஃபைலை திறந்து வாடகை கணக்கு எடுத்தேன், மேல ரெண்டு போர்ஷனோட வாடகையை அத்தனை வருஷமும் அண்ணன்தான் வாங்கிட்டு இருந்தான், மாசவாரியா எக்ஸெல்ல போட்டு பிரிண்ட் எடுத்துட்டு போயிருந்தேன். அவங்க அதை பொறுமையா பாத்துட்டு ஓரமா வெச்சுட்டு "சரி, 2014ல அப்பா போனாங்க, 2018ல கேஸ் போட்டிருக்கீங்க, நடுவுல நாலு வருஷம் ஏன் போடல?"ன்னு கேட்டாங்க.

எனக்கு வாய் அடைச்சுருச்சு. ஏன்னா அந்த நாலு வருஷத்துல நான் வீட்டைப் பத்தி நினைக்கவே இல்ல. 2017ல என் பொண்ணுக்கு காது குத்தினோம், தாய்மாமன் மடியில உக்கார வெச்சு குத்தணும், அண்ணன் வரல. நேரம் போகுதுன்னு என் வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் மடியில உக்கார வெச்சோம். குழந்தை அழுதா, எல்லாரும் காது வலிக்குதுன்னு சமாதானம் பண்ணாங்க, நான் சமையல் கட்டுல போய் நின்னு அழுதேன். இதையெல்லாம் அந்தம்மாகிட்ட சொன்னேன். கேஸ் போட்ட மனுவுல (ப்ளெயிண்ட்) இதுல ஒரு வரி கிடையாது, மூணுல ஒரு பங்கு, சைட் நம்பர், நாலு பக்க எல்லை, இதுதான் இருக்கு. ஆறு வருஷத்துல இதை என்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல, கேட்டாலும் சாட்சிக் கூண்டுல நின்னு சொல்லியிருக்க மாட்டேன்.

வேற மொழிக்காரங்களா இருந்தா மாமன் சீர்னா என்ன, அதுல என்ன பெரிய விஷயம்னு விளக்கவே பாதி நேரம் போயிருக்கும். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அண்ணனை எப்படி அழைச்சீங்க?"

வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பிட்டு ஒரு போன் பண்ணேன். அப்ப நாங்க கே.ஆர்.புரத்துல இருந்தோம், குழந்தையோட ஸ்ரீராம்புரம் போய்ட்டு வர்றது கஷ்டம், மாமியார் வீட்டுலயும் போன் போதும்னு சொல்லிட்டாங்க. வெத்தலை பாக்கு தட்டு வெச்சு நேர்ல போய் அழைக்கல.

அவங்க ஒண்ணும் சொல்லல, எழுதிக்கவும் இல்ல. அப்புறம் அண்ணன்கிட்ட முக்கா மணி நேரம் பேசினாங்க. நான் வெளிய பெஞ்சுல அம்மாவுக்கு பக்கத்துல உக்காந்திருந்தேன், பேசிக்கல, ஆனா அம்மா என் சேலை தலைப்புல ஒட்டியிருந்த நூலை எடுத்து எடுத்து சுருட்டிக்கிட்டே இருந்தாங்க. எல்லாரையும் திரும்ப உள்ள கூப்பிட்டப்ப மீடியேட்டர் அண்ணனைப் பாத்து "சார், என்கிட்ட சொன்னதை நீங்களே சொல்லுங்களேன்"னாங்க. அவன் மேஜையைப் பாத்துக்கிட்டே சொன்னான், "தோடு வாங்கி வெச்சிருந்தேன். ராஜா மார்க்கெட்ல. நீ தட்டோட வந்து கூப்பிடுவேன்னு பாத்தேன், வரல. பீரோலதான் இருக்கு இன்னும்."

அன்னைக்கு பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ரெண்டு மணி நேரம் போச்சு, அடுத்த தேதி குடுத்தாங்க.

மூணாவது சிட்டிங்ல கணக்கு பேசினோம், நல்லா காரசாரமாவே பேசினோம், உடனே கட்டிப் புடிச்சு எல்லாம் விட்டுக்குடுத்துட்டோம்னு நினைக்காதீங்க. வீட்டோட மதிப்பு ரெண்டு பக்கமும் சேந்து 84 லட்சம்னு ஒத்துக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. என் பங்கு 28. அவனால பேங்க் லோன்ல 24தான் புரட்ட முடியும்னான். வாடகை பாக்கியையும் சேத்து விட்டுட சொன்னா எப்படின்னு எனக்கு கோவம், மீடியேட்டர் திரும்ப தனியா கூப்பிட்டு, கேஸ் இப்படியே போனா இன்னும் எத்தனை வருஷம், யாருக்கு எவ்வளவு பங்குன்னு முதல் டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) வந்தாலும் அதுக்கப்புறம் ஃபைனல் டிக்ரின்னு தனியா நடத்தணும், 600 சதுர அடியை மூணா வெட்ட முடியாதுன்னா கடைசியில வித்து பணத்தைத்தான் பிரிப்பாங்க, அப்ப அம்மா எங்க போவாங்க, இதெல்லாத்தையும் நீங்களே உங்க லாயரோட உக்காந்து கணக்கு போட்டு பாருங்கன்னு பத்து நிமிஷம் விட்டுட்டு போயிட்டாங்க. இதுதான் ஒத்துக்கோன்னு தள்ளல. நான்தான் போட்டு பாத்தேன், எனக்கு நானே ஒத்துக்கிட்டேன். 24 லட்சம், டிக்ரி அன்னைக்கு 10, மிச்சம் 7, 7ன்னு ரெண்டு தவணை, அம்மா உயிரோட இருக்கற வரைக்கும் கீழ் வீட்டுல இருக்கற உரிமை அவங்களுக்கு, அதை அவன் விக்கவோ அடமானம் வெக்கவோ கூடாது, தவணை தவறினா வட்டி. இந்த வட்டி ஷரத்தை என் லாயர் மேடம் சண்டை போட்டு சேத்தாங்க, நீங்களும் மறக்காம சேருங்க, சொந்தம்தானேன்னு விட்டுடாதீங்க.

நாலாவது சிட்டிங் முழுக்க எழுத்து வேலை. ஒப்பந்தத்தை இங்கிலீஷ்ல எழுதி, அம்மாவுக்கு வரிவரியா தமிழ்ல படிச்சு சொல்லி, எல்லாரும் கையெழுத்து, ரெண்டு லாயரும் கையெழுத்து. அது கோர்ட்டுக்கு போய் ஜட்ஜு எங்களை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டு டிக்ரி போட்டார். இதை வெறும் சமரச பேப்பர்னு நினைக்க வேண்டாம், கோர்ட் டிக்ரி, பணம் வரலன்னா கோர்ட் மூலமா வசூலிக்க எக்ஸிக்யூஷன் மனு போடலாம். சம்மதிச்சு வாங்கின டிக்ரி மேல சாதாரணமா அப்பீல் போட முடியாது, அதனால கையெழுத்துக்கு முன்னாடி நூறு தடவ படிங்க. இன்னொண்ணு, கேஸ்ல இருக்கற சொத்தைப் பத்தி மட்டும் கம்ப்ரமைஸ் டிக்ரி இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்ல, கேஸ்ல இல்லாத வேற சொத்தையும் உள்ள இழுத்து எழுதினா ரிஜிஸ்டர் பண்ணணும், ஸ்டாம்ப் ட்யூட்டி விஷயத்தை தனியா லாயர்கிட்ட கேட்டுக்கோங்க, கத்தா (மாநகராட்சி சொத்துப் பதிவு) பேர் மாத்தறப்ப அங்கதான் மாட்டுவோம்.

இனி குறைன்னு சொல்றதா இருந்தா, அந்த சென்டரைப் பத்தி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, மீடியேஷன்ங்கற முறையைப் பத்தி இருக்கு. எதிராளிக்கு முடிக்கணும்னு எண்ணமே இல்லாம, நாள் கடத்தறதுக்கு மட்டும் வந்து உக்காந்தா மீடியேட்டரால ஒண்ணும் பண்ண முடியாது, யாரையும் கட்டாயப்படுத்தற அதிகாரம் அவங்களுக்கு கிடையாது. கர்நாடக மீடியேஷன் ரூல்ஸ்ல 60 நாள், தேவைப்பட்டா இன்னும் 30 நாள்னு கெடு வெச்சிருக்கறது அதுக்குத்தான், 2023ல பார்லிமென்ட் போட்ட மீடியேஷன் சட்டத்துல 120 நாள், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா மேல 60ன்னு எழுதியிருக்காங்க. முடியலன்னா கேஸ் விட்ட எடத்துல இருந்து திரும்ப ஓடும், நம்ம இங்க பேசினதை வெச்சு அங்க மடக்க முடியாது, மீடியேட்டரை சாட்சியா கூப்பிடவும் முடியாது. அந்த வகையில நட்டம் கொஞ்ச நாள் மட்டும்தான்.

எல்லா கேஸுக்கும் இது பொருந்தாது. மோசடி, போலி பத்திரம், பெரிய கிரிமினல் குத்தம் இதெல்லாம் இங்க வராது, சுப்ரீம் கோர்ட் 2010ல ஆஃப்கான்ஸ் கேஸ்ல எது போகலாம் எது போகக்கூடாதுன்னு வகைப்படுத்தி சொல்லியிருக்கு. வீட்டுல அடி உதை வாங்கிட்டு இருக்கற பொண்ணுங்க யாராவது இதை படிச்சா, அனுசரிச்சு போம்மான்னு யாராவது மீடியேஷன் பேரைச் சொல்லி தள்ளினா போகாதீங்க, முதல்ல உங்க பாதுகாப்பு, பயத்தோட உக்காந்து பேசறது பேச்சே இல்ல. இதை நான் மனசார சொல்றேன்.

கடை வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு தகவல். 3 லட்சமோ அதுக்கு மேலயோ வியாபாரத் தகராறுன்னா, அவசர தடை உத்தரவு மாதிரி ஏதும் கேக்காத பட்சத்துல, கேஸ் போடறதுக்கு முன்னாடியே மீடியேஷன் போயிருக்கணும், கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டத்துல செக்‌ஷன் 12ஏ, இது கட்டாயம்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அது தெரியாம நேரா கேஸ் போட்டா மனுவை நிராகரிச்சுருவாங்க. அப்புறம் லோக் அதாலத்தையும் இதையும் போட்டு குழப்பிக்காதீங்க, அங்க ஒரே நாள்ல நிறைய கேஸ் வரும், செக் பவுன்ஸ், ஆக்சிடென்ட் நஷ்ட ஈடு மாதிரி ரூபாயில முடியற கேஸுக்கு அது நல்ல எடம், எங்களை மாதிரி உள்ளுக்குள்ள வேற ஒண்ணு இருக்கற கேஸுக்கு இப்படி தனியா உக்காந்து பேசற நேரம் வேணும்.

போறவங்க கையில என்ன கொண்டு போகணும்னா, சொத்து பேப்பர் ஜெராக்ஸ், ஐடி, உங்க பக்கத்து கணக்கு, அப்புறம் முடிவெடுக்கற ஆளு. இந்த கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், வீட்டுல யார் சொன்னா நடக்குமோ அவங்களை விட்டுட்டு நீங்க மட்டும் போனா ஒவ்வொரு தடவையும் "வீட்டுல கேட்டு சொல்றேன்"னு தேதி வாங்கிட்டு வருவீங்க. என் வீட்டுக்காரர் மூணாவது சிட்டிங்குக்கு வந்தார், வராம இருந்திருந்தா 24ங்கறதுக்கு நான் சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்.

மீடியேஷன் முறைக்கு 5க்கு 4. அந்த மேஜையில எங்க எதிர்ல உக்காந்திருந்த மீடியேட்டர் அம்மாவுக்கு 5க்கு 5.

அண்ணன் சீர் செய்யணும்னு ஒப்பந்தத்துல எழுத முடியுமான்னு எங்க அம்மா வெள்ளந்தியா கேட்டாங்க. மீடியேட்டர் சிரிக்கல, "அதை கோர்ட் டிக்ரியில போட முடியாதும்மா, அதை நீங்க மூணு பேரும் வீட்டுல முடிவு பண்ணுங்க"ன்னாங்க. டிக்ரி வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரரும் தட்டுல வெத்தலை பாக்கு, பூ, பழம் வெச்சு எடுத்துட்டு ஸ்ரீராம்புரம் போனோம், எந்த விசேஷமும் இல்ல, சும்மாதான். அண்ணி வாங்கி சாமி ரூம்ல வெச்சாங்க. அண்ணன் பீரோவத் திறந்து தோட்டை எடுத்துட்டு வந்தான், சின்னப் புள்ளைக்கு வாங்கினது, என் பொண்ணுக்கு இப்ப 10 வயசு, ஆனாலும் போட்டுக்கிட்டா. திருகாணி மட்டும் இறுகிப் போச்சு, அம்மாதான் தேங்கா எண்ணெய் விட்டு கழட்டினாங்க.